மின்னோட்டம் திரும்பும் வழி: கொலாபா, போர்ட் பிளேர், ரோபோப் போட்டிக் களம்

போட்டிக்கென ரோபோ கட்டும் மாணவர்கள் அனைவரும் என்றேனும் ஒருநாள் இந்தக் காட்சியைக் காண்பர். மேசைமேல் தனித்தனியே சோதித்தபோது ஒவ்வோர் உறுப்பும் ஒழுங்காக இயங்கியிருக்கும். ஒன்றாகப் பூட்டிக் களத்தில் இறக்கியதும் கதை மாறும். சக்கர மோட்டார்கள் முழு விசையில் திசைமாறும் கணத்தில், யாரும் கட்டளையிடாமலே கை துடிக்கும். தொலைவை அளக்கும் உணரி, இல்லாத சுவரொன்றைக் காட்டும். கட்டுப்பாட்டுப் பலகை தானே அணைந்து தானே விழிக்கும். நிரலில் பிழை தேடிச் சில இரவுகள் கழியும். பிழையோ கம்பிகளில் இருக்கும். போர்ட் பிளேரின் ஷாதிபூரில் ஒரு வீட்டு முன்றிலில் கட்டப்படும் ரோபோவுக்கும் டோக்கியோவின் ஆய்வகத்தில் கட்டப்படும் ரோபோவுக்கும் இதில் பெரிய வேறுபாடில்லை. ஷாதிபூரில் கடற்காற்றின் உப்பு செப்பு முனைகளை விரைவில் பச்சை பூக்கச் செய்யும் என்பது மட்டுமே கூடுதல்.

இதற்கான மருந்துகளைப் பொறியியல் கையேடுகள் வரிசையாகச் சொல்கின்றன: குறிப்பலைக் கம்பிகளை இணையிணையாக முறுக்குக, மோட்டார்க் கம்பிகளை அவற்றினின்று விலக்கி வைக்குக, எதிர்முனைக் கம்பிகளை ஒரே புள்ளியில் சேர்க்குக, தேவையான இடத்தில் உலோகக் காப்புறை இடுக. மாணவர்கள் இவற்றை மந்திரம்போல் மனனம் செய்கின்றனர். இவ்விதிகள் எந்தத் தேவையால், யாருடைய இழப்பால் உருவாயின என்ற கேள்வி வகுப்பறையில் எழுவதில்லை. அதைக் கேட்டால் எல்லா விதிகளும் ஒரே இடத்திற்கு இட்டுச் செல்கின்றன. மின்னோட்டம் போகும் வழியைப் பற்றி எல்லோரும் யோசித்தனர். அது திரும்பி வரும் வழியை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்தப் பாராமுகத்திற்குத் தொடக்கம் உண்டு. 1838-ல் ஜெர்மானிய அறிஞர் ஸ்டைன்ஹைல், தந்திக்கு இரண்டு கம்பிகள் தேவையில்லை, இரு முனைகளிலும் தகடுகளைப் புதைத்தால் மண்ணே இரண்டாம் கம்பியாகும் என்று காட்டினார். மறு ஆண்டு கல்கத்தாவில் மருத்துவர் வில்லியம் ஓஷாக்னெஸ்ஸி தம் தந்திச் சோதனைகளில் ஹூக்ளி ஆற்று நீரையே சுற்றின் ஒரு பகுதியாக ஆக்கினார். கம்பியின் செலவில் பாதி மிச்சம். 1850-களில் இந்தியாவெங்கும் பரவிய தந்தித் தடங்கள் இந்தச் சிக்கனத்தின்மேல் எழுந்தவை: மேலே ஒற்றைக் கம்பி, கீழே பொது நிலம். தந்தியின் குறிப்பலை வலியது, மெதுவானது. பக்கத்துக் கம்பியின் சலசலப்பு அதை எளிதில் குலைப்பதில்லை. எனவே எவருக்கும் குறை தெரியவில்லை.

தொலைபேசி வந்ததும் குறை தெரிந்தது. 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. தொலைபேசிக் கேள்கருவி மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் ஒலியாக்கிவிடும். மண்ணைத் திரும்பும் வழியாகக் கொண்ட கம்பியில், அருகிலுள்ள தந்தித் தடத்தின் தட்டல் கேட்கும். அடுத்தவர் உரையாடல் கசியும். தொலைவில் மின்னல் வெட்டினால் படபடக்கும். உலகெங்கும் தொடக்ககாலத் தொலைபேசிப் பயனர்கள் முறையிட்டது இதைப் பற்றியே.

தீர்வு 1881-லேயே கையில் இருந்தது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் அவ்வாண்டு பெற்ற ஒரு காப்புரிமை, போவதற்கொன்றும் வருவதற்கொன்றுமாக இரு கம்பிகளை இட்டு, அவற்றை ஒன்றோடொன்று முறுக்கும்படி சொல்கிறது. அதன் தருக்கம் எளிது. இரண்டு கம்பிகள் இணையாக ஓடும்போது அவற்றுக்கிடையே ஒரு பரப்பு உண்டாகிறது. வெளியிலிருந்து வரும் மாறும் காந்தப்புலம் அந்தப் பரப்பின் வழியே புகுந்து மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. கம்பிகளை முறுக்கினால் பரப்பு சிறுசிறு கண்ணிகளாகப் பிரிகிறது. ஒரு கண்ணியில் தூண்டப்பட்டதை அடுத்த கண்ணி எதிர்த்திசையில் தூண்டி அழித்துவிடுகிறது. மேலும், இரு கம்பிகளும் மூலத்திற்கு ஏறத்தாழச் சம தொலைவில் மாறிமாறி வருவதால், எது வந்து சேர்ந்தாலும் இரண்டிலும் ஒரே அளவில் வருகிறது. கேட்கும் முனை இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் கழிந்துபோகிறது. கயிறு திரிப்பவர்கள் இழைகளைப் புரியேற்றுவது கயிற்றுக்கு வலுவூட்ட. இங்கே புரி ஏற்றுவது, வெளியார் எவரும் நுழைய இடம் விடாதிருக்க.

ஆயினும் தொலைபேசி நிறுவனங்கள் உடனே மாறவில்லை. இரண்டாம் கம்பி என்றால் செம்பின் செலவு இரட்டிப்பு. அவர்களை நெருக்கியது அறிவியலன்று, டிராம். மின்சார டிராம்களுக்கு மேலே ஒரு கம்பி, கீழே தண்டவாளம். தண்டவாளத்திலிருந்து மின்னோட்டத்தின் ஒரு பகுதி மண்ணில் கசிந்து, கண்ட வழிகளில் மின்நிலையத்திற்குத் திரும்பும். அதே மண்ணைத் திரும்பும் வழியாக வைத்திருந்த தொலைபேசிகள் உறுமத் தொடங்கின. அமெரிக்காவில் வழக்குகள் எழுந்தன. சின்சினாட்டி நகரின் தொலைபேசி நிறுவனம் டிராம் நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில் ஒஹாயோ மாநில உச்ச நீதிமன்றம் 1891-ல் டிராமின் பக்கம் நின்றது. தெரு முதன்மையாகப் போக்குவரத்திற்கு உரியது, தொலைபேசிதான் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். முறுக்கிய இணைக்கம்பி உலகை வென்றதில் பெல்லின் நுண்ணறிவுக்கு உள்ள பங்கைவிட இத்தகைய தோல்விகளின் பங்கு பெரிது என்று கொள்ள இடமுண்டு.

இதே மோதலின் இந்திய வடிவம் பம்பாயில் நிகழ்ந்தது. அங்கே இழப்பின் விளிம்பில் நின்றது தொலைபேசியன்று. அறுபதாண்டுக் காலத்தின் அளவீடுகள்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1826-ல் கொலாபாவில் நிறுவிய ஆய்வகம், 1840-கள் தொட்டுப் புவியின் காந்தப்புலத்தை இடையறாது அளந்துவந்தது. 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து எழுந்த பெரும் காந்தப்புயலை அது பதிவுசெய்தது. கொலாபாவின் ஏடுகளில் கிடைமட்டப் புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா வீழ்ந்ததாக இருந்த அந்தப் பதிவை 2003-ல் ஆய்வாளர்கள் மீண்டும் எடுத்து ஆராய்ந்து, அப்புயலின் கடுமையை மதிப்பிட அதையே அடிப்படையாகக் கொண்டனர். இத்தகைய தொடரின் மதிப்பு அதன் இடையறாமையில் இருக்கிறது. ஓர் ஆண்டு கெட்டால் அந்த ஆண்டு மட்டும் கெடுவதில்லை. முன்னையதையும் பின்னையதையும் ஒப்பிடும் பாலம் அறுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பம்பாயின் குதிரை டிராம்கள் மின்சாரத்திற்கு மாறவிருந்தன. ஒரு சிறு கணக்கு அபாயத்தைக் காட்டும். 100 ஆம்பியர் ஓடும் நெடிய கம்பி, ஒரு கிலோமீட்டர் தொலைவில் 20 நானோடெஸ்லா காந்தப்புலத்தை உண்டாக்கும். புவிக்காந்தத்தின் அன்றாட ஏற்ற இறக்கமே சில பத்து நானோடெஸ்லாக்கள்தாம். திரும்பும் மின்னோட்டம் பக்கத்திலேயே மற்றொரு கம்பியில் ஓடினால் இரு புலங்களும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். தண்டவாளத்திலும் மண்ணிலும் பரந்து அலைந்து திரும்பினால் அழியாது. டிராம் ஒவ்வொன்றும் புறப்படும்போதும் நிற்கும்போதும் கொலாபாவின் காந்த ஊசி தலையசைக்கும்; எந்த அசைவு சூரியனுடையது, எந்த அசைவு டிராமுடையது என்று பின்னாளில் யாராலும் பிரிக்கவியலாது.

அப்போது ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் நானாபாய் ஆர்தேஷிர் பிராம்ஜி மூஸ். 1896-ல் அப்பொறுப்பேற்ற அவர், அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர். டிராமைத் தடுக்கவியலாது என்பதையும் கருவிகளைக் காப்புறையிட்டுக் காக்கவியலாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். அளக்க வேண்டிய புலத்தையும் சேர்த்தே மறைத்துவிடும் காப்புறையால் என்ன பயன்? எஞ்சியது விலகிப் போவது. கொலாபாவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே, விரிகுடாவைத் தாண்டி, அலிபாகில் புதிய ஆய்வகம் எழுந்தது. காந்தத்தன்மையற்றதெனச் சோதித்தறிந்த போர்பந்தர்க் கல்லால் சுவர் எழுப்பினர். இரும்பாணி ஒன்றுகூட இல்லாமல் செம்பும் பித்தளையும் கொண்டு கதவும் பூட்டும் அமைத்தனர். மூஸின் உண்மையான மதிநுட்பம் கட்டடத்தில் இல்லை, கால அட்டவணையில் இருக்கிறது. 1904 முதல் 1906 வரை ஈராண்டுகள் கொலாபாவிலும் அலிபாகிலும் ஒருசேர அளந்தனர். பழைய தொடரையும் புதிய தொடரையும் தைக்கும் நூல் அந்த ஈராண்டுகளே. 1907-ல் பம்பாயில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது காந்தமானிகள் அங்கே இல்லை. 1846 முதல் 1905 வரையிலான அளவீடுகளை மூஸ் 1910-ல் பெருநூலாக வெளியிட்டார். கையேடுகள் ‘மின்தடக் கம்பியையும் குறிப்பலைக் கம்பியையும் விலக்கி வைக்குக’ என்று ஒரு வரியில் முடிக்கும் விதியை, முழு நிறுவனமொன்றைக் கடல் கடத்தி நிறைவேற்றிய நிகழ்வு இது.

மேற்குக் கரையில் கொலாபா ஓசை தாளாமல் அலிபாகுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், வங்கக் கடலில் போர்ட் பிளேர் செவி திறந்துகொண்டிருந்தது. 1858-ல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்திற்குத் தந்தி இணைப்பு இல்லை. 1872 பிப்ரவரி 8 அன்று தலைமை ஆளுநர் மேயோ பிரபு ஹோப்டவுன் துறையில் ஷேர் அலி அஃப்ரிதியால் கொல்லப்பட்டபோது, ஒரு பேரரசின் தலைவர் இறந்த செய்தியைக் கப்பல்தான் சுமந்து சென்றது. அந்த மௌனம் 1905-ல் கலைந்தது. பர்மாவின் கரையோரத்திலுள்ள டைமண்ட் தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே, 500 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவில், இந்தியத் தந்தித்துறை கம்பியில்லாத் தந்தி இணைப்பை ஏற்படுத்தியது. அமைப்பு ஆலிவர் லாட்ஜும் அலெக்சாண்டர் மூர்ஹெட்டும் உருவாக்கியது.

வரலாற்று நூல்கள் இதை ‘இந்தியாவின் தொடக்ககாலக் கம்பியில்லாத் தந்தி’ என்று குறிப்பிட்டுக் கடந்துவிடுகின்றன. இரைச்சலின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் தரலாம். லாட்ஜின் முறைமைக்கு இரு தனித்தன்மைகள் இருந்தன. ஒன்று ஒத்திசைவு: 1897-ல் அவர் காப்புரிமை பெற்றது. அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைந்திருந்தால் மற்றவை பெரும்பாலும் வெளியே நிற்கும். இன்று வடிகட்டி என்று சொல்லப்படுவது இதன் வழித்தோன்றல். இந்தக் காப்புரிமையை மார்க்கோனி நிறுவனம் 1911-ல் விலைகொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. மற்றொன்று இன்னும் சுவையானது. மார்க்கோனி தம் வான்கம்பியின் அடிமுனையை மண்ணில் புதைத்தார். லாட்ஜோ மேலே ஓர் உலோகப் பரப்பு, கீழே நிலத்தைத் தொடாமல் காப்பிட்டு நிறுத்திய மற்றோர் உலோகப் பரப்பு என்று அமைப்பதை விரும்பினார். மண்ணை நம்பினால் ஒத்திசைவின் கூர்மை மழுங்கும் என்பது அவர் வாதம். ஸ்டைன்ஹைலின் சிக்கனத்திற்கு எழுந்த மறுப்பு இது.

மண்ணிலிருந்து விலகினாலும் வானிலிருந்து விலகவியலாது. பருவமழைக்கு முந்தைய இடிமின்னல் மாதங்களில், வெப்பமண்டலக் கம்பியில்லா நிலையங்களின் பெரும்பகை வளிமண்டலச் சலசலப்பு. தொலைவில் வெட்டும் ஒவ்வொரு மின்னலும் ஒரு புள்ளியாகவோ கோடாகவோ நாடாவில் பதிந்து செய்தியைக் கெடுத்தது. அதைவிட வியப்பானது, அன்றைய அலைபரப்பியும் ஒரு செயற்கை மின்னலே என்பது. இரு உலோக முனைகளுக்கிடையே பொறி தெறிக்கவைத்து அலையெழுப்பினர். பிற்காலத்தில் வானொலி வளர்ந்ததும், பரந்த அலைவரிசையை அடைத்துக்கொள்ளும் அந்தப் பொறிமுறையையே பன்னாட்டு விதிகள் விலக்கின. 1905-ல் செய்தியாக இருந்தது முப்பதாண்டுகளுக்குள் இரைச்சலாகிவிட்டது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இந்த நிலையம் யாருக்காகச் செவி திறந்தது என்பதை மறக்கவியலாது. மறு ஆண்டு, 1906-ல், செல்லுலார் சிறை கட்டி முடிந்தது. அங்கே கைதிகள் தேங்காய் மட்டை அடித்து நாரெடுத்துக் கயிறு திரித்தனர். நிர்வாகத்தின் செய்திகள் கடல் தாண்டின. சிறைக்குள் இருந்தவர்களின் சொற்கள் தணிக்கையைத் தாண்டவில்லை. ஷாதிபூர் என்ற பெயரே ‘திருமண ஊர்’ என்று பொருள்படுவது. மணம்புரிய இசைவு பெற்ற கைதிகளின் குடியிருப்போடு அப்பெயரை இணைத்துச் சொல்வது வழக்கம். அவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் நகரத்தில் குறிப்பலை, இரைச்சல் என்ற பிரிவினையைத் தூய தொழில்நுட்பப் பிரிவினையாக எடுத்துக்கொள்வது கடினம். பம்பாயிலும் அப்படியே: டிராம் நிறுவனத்திற்கு அது பயணிகளைச் சுமக்கும் மின்னோட்டம், மூஸுக்கு அது இரைச்சல்.

மீண்டும் ரோபோவுக்கு வரலாம். மாணவரின் ரோபோவில் இந்த வரலாறு முழுவதும் சுருங்கிக் கிடக்கிறது. தூரிகை மோட்டாரின் உள்ளே, தூரிகை ஒவ்வொரு செப்புத் துண்டத்தையும் விட்டு விலகும்போது பொறி தெறிக்கிறது. 1905-ன் அலைபரப்பியின் குறுவடிவம் அது. மோட்டாரின் இரு முனைகளுக்கும் இடையே, அதன் உடலை ஒட்டியே, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைக்கச் சொல்வது ஏன் என்பது இப்போது விளங்கும். அப்பொறியின் மின்னோட்டம் நெடுங்கம்பி முழுவதும் அலைந்து அதை வான்கம்பியாக்குவதற்கு முன், சில மில்லிமீட்டருக்குள் திரும்பிவிட அது வழி தருகிறது. ஒரு மீட்டர் தள்ளி, கட்டுப்பாட்டுப் பலகையின் அருகே பற்றவைத்தால் அந்தப் பயன் பெரும்பாலும் இல்லை.

அடுத்து, டிராமின் தவறு. மோட்டாரும் உணரியும் ஒரே மெல்லிய எதிர்முனைக் கம்பி வழியே பேட்டரிக்குத் திரும்புவதாகக் கொள்ளலாம். கம்பியும் உப்பேறிய இணைப்பு முனையும் சேர்ந்து 0.05 ஓம் மின்தடை. திசைமாறும் கணத்தில் மோட்டார் 20 ஆம்பியர் இழுத்தால், அந்தக் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு வோல்ட் வேறுபாடு எழும். 3.3 வோல்ட்டில் பேசும் உணரிக்கு, அதன் ‘சுழி’ திடீரென்று ஒரு வோல்ட் உயர்ந்துவிடுகிறது. இல்லாத சுவர் அங்கேதான் தோன்றுகிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் பேட்டரியருகே தனித் திரும்பும் கம்பி, உணரிகளுக்கு வேறு கம்பி, சந்திப்பு ஒரே புள்ளியில் என்பது இதற்கான மருந்து. பல மாணவர்கள் காரைப் பார்த்து ரோபோவின் உலோகச் சட்டகத்தையே எதிர்முனையாகப் பயன்படுத்தத் துணிகின்றனர். கார்களில் அச்சிக்கனம் இன்றும் வாழ்கிறது. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் போட்டிகளின் விதிகள் சட்டகத்தை மின்சுற்றிலிருந்து காப்பிட்டு வைக்கக் கட்டாயப்படுத்துகின்றன. லாட்ஜ் மகிழ்ந்திருப்பார்.

மூன்றாவது, கருவியின் பிறப்பிடத்தை மறத்தல். உணரிகளை இணைக்க மாணவர்கள் பெரிதும் நாடும் ஐ-ஸ்கொயர்-சி என்ற முறை, 1982-ல் பிலிப்ஸ் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றுக்குள் ஒரே பலகையிலுள்ள சில்லுகள் தமக்குள் பேசுவதற்காக உருவாக்கியது. அதன் இரு கம்பிகளும் பொதுச் சுழியை நம்பியவை. வேறுபாட்டை அளப்பவை அல்ல. அதை ரோபோவின் கை முழுவதும், மோட்டார்க் கம்பிகளோடு ஒரே கட்டாக இழுத்துச் சென்றுவிட்டு, நடுப்போட்டியில் உறைந்துபோகிறதே என்று வருந்துவது, தந்திக் கம்பியில் தொலைபேசி பேச முனைந்தவர்களின் வருத்தத்தைப் போன்றது. மாறாக, போஷ் நிறுவனம் 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்திய ‘கேன்’ தடம் வண்டியின் எஞ்சினருகே உழைப்பதற்கென்றே பிறந்தது. முறுக்கிய இரு கம்பிகள், இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடைகள், வேறுபாட்டை மட்டும் படிக்கும் முனைகள். பெல்லின் 1881-ஆம் ஆண்டுக் காப்புரிமை அதற்குள் அப்படியே இருக்கிறது.

காப்புறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை ஒரு முனையில் இணைப்பதா, இரு முனைகளிலுமா என்ற வழக்கு பொறியாளர்களிடையே ஓயாதது; மெதுவான இரைச்சலுக்கு ஒரு முனை, விரைவான இரைச்சலுக்கு இரு முனை என்பது நடைமுறைச் சமரசம். திரும்பும் வழியைச் சரிசெய்யாமல் காப்புறைக்குப் பணம் செலவிடும் குழுக்களே மிகுதி என்பதுதான் கவலைக்குரியது. 2008-ல் புனேயில் ஆசிய-பசிபிக் ரோபோகான் நடந்தபோது போட்டியின் கரு நம் உறியடியை ஒத்த கோவிந்தா விளையாட்டு. ரோபோக்கள் கூடி உயர்ந்து பானையை எட்ட வேண்டும். அத்தகைய நெடிய கைகளில் நெடிய கம்பிகள் ஓடுகின்றன. விரல் நுனியில் உள்ள உணரியின் சொல் மோட்டார்களைத் தாண்டித்தான் வந்துசேர வேண்டும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமான் நிகோபார்த் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழைக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. ஷாதிபூர் மாணவர் இன்று ரோபோவின் சுற்றுப்படத்தைப் பதிவிறக்குவது பெரும்பாலும் அதன் வழியே. கண்ணாடி இழையில் ஓடும் ஒளிக்கு டிராமும் தெரியாது, மின்னலும் தெரியாது. தொலைபேசி வரலாற்றின் உறுமல் அங்கே நுழைய வழியில்லை. ஆனால் நெடுந்தொலைவு செல்லும் ஒளி களைத்துப்போகும். அதற்கு ஊக்கமூட்டக் கடலடியில் இடையிடையே மறுபெருக்கிகள் வைக்கப்படுகின்றன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். இத்தகைய நெடுங்கடல் கேபிள்களில் அந்த மின்சாரத்தைச் சுமப்பது இழைகளைச் சுற்றிய ஒற்றைச் செப்புக் கடத்தி. அது திரும்பி வருவது, 1839-ல் ஹூக்ளியில் நடந்ததைப் போலவே, நீரின் வழியே.